எட்டுக்கால் விருந்தாளி

செத்த முட்டையைப் படமெடுப்பதில் ஒரு வசதி உண்டு. அது அசையாது. டாக்டர் வினோதினி அப்படித்தான் நம்பியிருந்தாள்.

நெல்லிக்கொம்பை தேயிலை ஆய்வு நிலையத்தில், அவளுடைய அறையில், நுண்ணோக்கிக்கு அடியில் ஒரு கண்ணாடித் தட்டு வாரக்கணக்கில் கிடந்தது. தட்டுக்குள் செஞ்சிலந்தி முட்டைகள் ஒரு சிட்டிகை. பெயரில்தான் சிலந்தி. பார்ப்பதற்கு மிளகாய்ப்பொடித் தூள் ஒன்று இலைமேல் விழுந்து நகர்வதுபோல இருக்கும். ஆனால் அது குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்ச ஆரம்பித்தால், பச்சை மலை ஒரு கோடைக்குள் செங்கல் சூளை நிறத்துக்கு வந்துவிடும். இந்தப் பிசாசை ஒழிக்கத்தான் நிலையம் பல வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு 'துயில்' என்ற மருந்தைச் செய்தது. வளர்ந்த பூச்சியை அது ஒன்றும் செய்யாது. தேனீக்கு ஆபத்தில்லை, கொழுந்து பறிக்கிற பெண்களுக்கும் ஆபத்தில்லை. முட்டைக்குள் இருக்கும் கரு மட்டும் வளர்வதை நிறுத்திவிடும். உறங்கும், உறக்கத்திலேயே காய்ந்துபோகும். கேட்பதற்கே எவ்வளவு நாகரிகமாக இருக்கிறது!

வெள்ளிக்கிழமை அமைச்சர் வந்து மருந்தை வெளியிடுவதாக ஏற்பாடு. மேடையில் கட்டும் பேனருக்கு, உறங்கும் கருவின் படம் ஒன்று அழகாக வேண்டும் என்று இயக்குநர் பத்மநாபன் கேட்டிருந்தார். அதற்காகத்தான் வினோதினி மருந்து தெளித்த முட்டைகளைத் தட்டில் வைத்து, மூடி, விளிம்பைச் சுற்றி நாடா ஒட்டி, கேமராவுக்கு அடியில் வைத்தாள். விழா இரண்டு தடவை தள்ளிப்போனது. தட்டு அங்கேயே கிடந்தது. வழக்கமாக மருந்து பட்ட முட்டையை ஒரு வாரம் பார்ப்பார்கள். குஞ்சு வராவிட்டால் செத்தது என்று குறித்துவிட்டுக் கொதிநீரில் கொட்டிவிடுவார்கள். இந்தத் தட்டைக் கொட்ட மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, கையில் காப்பியோடு, படத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று வினோதினி திரையைத் திறந்தாள். ஒரு முட்டைக்குள் இரண்டு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. கண்கள்.

காப்பியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றாள். செத்த கருவுக்குக் கண் வராது.

நல்ல முட்டைக்குள் என்ன நடக்கும் என்பதை அவளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். முதலில் கலங்கிய கஞ்சிபோல ஒரு திரவம், அவ்வளவுதான். அது பிளந்து பிளந்து விளிம்புக்கு வந்து ஏடுபோலப் படியும். பிறகு ஒரு பக்கமாகப் பட்டை கட்டும். அந்தப் பட்டையில் மொட்டுகள் முளைக்கும். வாய்க்கு இரண்டு ஜோடி, காலுக்கு நாலு ஜோடி. வேடிக்கையே இங்கேதான். நாலாவது ஜோடிக் கால், முளைத்த வேகத்தில், வெட்கப்பட்டதுபோல உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆறு காலோடுதான் குஞ்சு வெளியே வரும். தின்று, ஓய்ந்து, முதல் சட்டையை உரித்த பிறகே மிச்ச இரண்டு காலும் கிடைக்கும். எதற்காக முளைத்து எதற்காக மறைகிறது என்பதைப் பற்றி அவள் ஒரு காலத்தில் பக்கம் பக்கமாக எழுதிப் பட்டமும் வாங்கியிருந்தாள்.

கேமரா தானாகவே தினமும் எடுத்து வைத்திருந்த படங்களை முதலிலிருந்து ஓடவிட்டாள். கரு உறங்கியது உண்மை. நாலு ஜோடி மொட்டும் வெளியே தெரிந்த நிலையில், அப்படியே உறைந்து, நாள் கணக்கில் கிடந்தது. பிறகு, யாரும் தொடாமல், ஒரு நாள் மறுபடி வளர ஆரம்பித்தது. மூன்று ஜோடி நீண்டது. நாலாவதும் கூடவே நீண்டது. உள்ளே போகவில்லை.

பக்கத்துக் கூடத்திலிருந்து எண்ணுகிற சத்தம் கேட்டது. நாலைந்து பெண்கள் லென்ஸுக்குக் கீழே தேயிலை இலையை வைத்துக்கொண்டு, பார்ப்பதை வாய்விட்டுச் சொல்வார்கள். மேஜைமேல் இருக்கும் கருவி குரலைக் கேட்டுக் கணக்கு வைத்துக்கொள்ளும்.

"முட்டை... முட்டை... தோல்... முட்டை... விருந்தாளி... தோல்..."

அது ஜெபமலரின் குரல். வினோதினி கதவுப் பக்கம் திரும்பினாள்.

விருந்தாளி என்ற பெயரை வைத்ததே அவள்தான். எண்ணப் புதிதாக வந்த பெண்களுக்கு அவள் சொல்லிக்கொடுத்த விதி சுலபமானது. இந்த இலையில் பிறந்த குஞ்சுக்கு ஆறு கால் இருக்கும். ஆறு காலே இல்லாத இலையில் எட்டுக் கால் குஞ்சு இருந்தால் அது வேறெங்கோ பிறந்து, சட்டை உரித்து, நூல் விட்டுக் காற்றில் மிதந்து இங்கே வந்து இறங்கியது. ஆறு கால் நம்ம பிள்ளை, எட்டுக் கால் விருந்தாளி. விருந்தாளியை ஈரத் தூரிகையால் ஒதுக்கிவிட வேண்டும். பொரித்த கணக்கில் சேர்க்கக் கூடாது. பெண்கள் சிரித்தார்கள், விதி மனதில் பதிந்தது.

துயில் தெளித்த எஸ்டேட் முழுக்க நம்ம பிள்ளை ஒன்றுகூட இல்லை என்று கணக்கு வந்தது. சுருங்கிய தோல் எல்லாம் செத்த முட்டை. மருந்துக்கு முழு மார்க். ஆனால் விருந்தாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். எங்கிருந்து வருகிறார்கள்? எஸ்டேட்டுக்குக் கீழே, ஓடைக்கு அந்தப் பக்கம், மருந்தே தெளிக்காத தோட்டம் ஒன்றுதான் இருந்தது. ஊரார் அதைச் சிலோன் காலனி என்பார்கள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து ஒப்பந்தம் போட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் அங்கே இருந்தார்கள். பட்டா இல்லாத நிலம், வீட்டுக்கொரு துண்டு தேயிலை. வெளியிலிருந்து வந்த பூச்சிக்கு வெளியிலிருந்து வந்தவர்களின் தோட்டம் பிறப்பிடம் என்றால் யாருக்கும் ஆச்சரியமாக இருக்கவில்லை. வினோதினிக்குமே இருக்கவில்லை.

ஊற்று விதி என்று ஒரு சட்டம் புதிதாக வந்திருந்தது. ஒரு தோட்டம்தான் நோய்க்கு ஊற்று என்று விஞ்ஞானி ஒருவர் கையெழுத்துப் போட்டால், வேரோடு பிடுங்கிவிடலாம். பட்டா இல்லாவிட்டால் நஷ்டஈடும் கிடையாது. கையெழுத்து அவளுடையது. ஜேசிபி இன்று மதியம் வருகிறது.

"ஜெபா, இங்க வா."

ஜெபமலர் தூரிகையோடு வந்தாள். அவள் காலனிப் பெண். இன்று மதியம் அவள் வீட்டுத் தேயிலையையும் பிடுங்கப்போகிறார்கள். இருந்தும் வேலைக்கு வந்திருந்தாள். ஒருத்தராவது நிலையத்தில் இருக்கட்டும் என்று அவள் மாமனார்தான் அனுப்பியிருந்தார். இத்தனை நாளும் அவள் வாயால் சொன்ன விருந்தாளிகள்தான் அவள் வீட்டுக்கு ஜேசிபியாக வருகிறார்கள் என்பதை அவளும் அறிவாள். அதைப் பற்றி அவளோ வினோதினியோ ஒரு வார்த்தை பேசியதில்லை.

"இன்னைக்குத் தோல்னு சொன்ன இலையெல்லாம் கொண்டா. எல்லாத்தையும்."

ஊசி முனையால் ஒரு தோலைப் பிரித்தாள். உள்ளே காய்ந்த கரு இருக்க வேண்டும். காலியாக இருந்தது. ஒரு பக்கம் நேர்த்தியாகக் கிழிந்திருந்தது. இன்னொன்றைப் பிரித்தாள். அதுவும் காலி. அடுத்ததை ஜெபமலரைப் பிரிக்கச் சொன்னாள். கைக்குக் கிடைத்ததையெல்லாம் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முன்பே இப்படிச் செய்து பார்த்திருக்கலாம். நம்ம பிள்ளை இல்லாத இலையில் தோல் என்றால் செத்த முட்டைதான் என்ற நினைப்பு, ஊசியை எடுக்கவே விடவில்லை.

"இது செத்த முட்டை இல்ல ஜெபா. பொரிச்ச முட்டை."

"பொரிச்சிருந்தா ஆறு கால் குஞ்சு இருக்கணுமே மேடம்? நான் ஒண்ணுகூடப் பாக்கலையே. சத்தியமா பாக்கல."

"நீ பாத்தே. தினமும் பாத்தே. நாம அதுக்கு விருந்தாளின்னு பேர் வச்சுட்டோம்." வினோதினி திரையைத் திருப்பிக் காட்டினாள். "மருந்து பட்டதும் கரு தூங்கிடுது. எழுந்திருக்கும்போது அந்தக் கடைசி ரெண்டு காலை உள்ள இழுக்கறதுக்கு மறந்துபோகுது. முட்டையிலிருந்து வரும்போதே எட்டுக் காலோட வருது. ஒரு பருவத்தையே தாண்டிட்டு வருது."

ஜெபமலர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எல்லாமே இங்க பொறந்ததா?"

"இங்கதான். எஸ்டேட்லதான்."

"எங்க தோட்டத்துலேர்ந்து வரலையா?"

வினோதினி இல்லை என்று தலையாட்டினாள். ஜெபமலர் தூரிகையை மேஜைமேல் வைத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதைக் காட்டுகிற இடத்தில் அவள் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

பத்மநாபன் அறையில் பேனரின் மாதிரி சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நடுவில் படத்துக்கு மட்டும் காலி இடம். வினோதினி நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் இடையில் குறுக்கிடவில்லை. அவர் கெட்ட மனிதர் அல்ல, ஒரு காலத்தில் நல்ல விஞ்ஞானியும்கூட. அதனால்தான் கேட்க வேண்டிய கேள்வியைச் சரியாகக் கேட்டார்.

"அப்போ எஸ்டேட்ல இருக்கிற மத்த முட்டையெல்லாம்?"

"தூங்குது சார். எப்போ எழுந்திருக்கும்னு தெரியாது. எழுந்தா மொத்தமா எழும்."

"வண்டு?"

அது ஒரு சின்னக் கறுப்பு வண்டு. செஞ்சிலந்தியின் முட்டையும் ஆறு கால் குஞ்சும்தான் அதற்குச் சோறு. மருந்து என்று ஒன்று வருவதற்கு முன்னால், மலையைப் பாதிக்குப் பாதியாவது காப்பாற்றி வந்தது அதுதான்.

"மருந்து பட்ட முட்டைய அது தொடாது. ஆறு கால் குஞ்சும் இல்ல. எஸ்டேட்ல வண்டு பட்டினி கிடந்தே ஒழிஞ்சுபோச்சு. இந்தப் பள்ளத்தாக்குல மருந்து படாத இடம் ஒண்ணே ஒண்ணுதான் சார் இருக்கு. போன தடவ செடிய வெட்டிவிட்ட கவாத்துச் சமயத்துல பாத்தேன், அங்க வண்டு நெறைய இருந்துச்சு. அதைப் பிடுங்கிட்டா, நம்ம முட்டையெல்லாம் எழும்போது நம்மகிட்ட ஒரு மருந்தும் இருக்காது."

"சிலோன் காலனி."

"ஆமா சார்."

பத்மநாபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"வெள்ளிக்கிழமை தாண்டட்டும் வினோதினி. அப்புறம் நிதானமா ஒரு அறிக்கை எழுதுவோம். எண்ணினவங்க தப்பா எண்ணிட்டாங்கன்னு சொன்னா யாருக்கும் பெரிய சங்கடம் இருக்காது. அந்தப் பொண்ணும் காலனிதானே? வேணும்னே மாத்தி எண்ணினான்னுகூட..."

"அவ தப்பா எண்ணல சார். நான் சொன்னபடி அச்சுப் பிசகாம எண்ணினா. தப்பு என்னோட விதியில."

"சொன்னா உங்க வேலை போகும்."

"தெரியும் சார்."

தெரியும் என்று சொன்னது வாய்தான். வீட்டுக் கடன், பெண்ணின் பள்ளிக்கூடம், இந்த மலையை விட்டால் வேறெங்கும் செல்லாத தன் படிப்பு எல்லாம் வரிசை கட்டி வந்து நின்றன. பத்மநாபன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

"நான் உங்களைத் தடுக்கல. ஆனா நிலையத்து வண்டியில போகாதீங்க."

ஜெபமலரின் ஸ்கூட்டரில் போனார்கள். கண்ணாடித் தட்டை வினோதினி ஸ்வெட்டருக்குள், வயிற்றோடு அணைத்து வைத்துக்கொண்டாள். வெளியே மூடுபனி, குளிர்பட்டால் கரு நின்றுபோகலாம். சூடு அதிகமானால் வழியிலேயே பொரித்துவிடலாம். யாரும் பார்க்காமல் பொரித்தால் அது எதற்கும் சாட்சியில்லை. ஒவ்வொரு வளைவிலும் அவள் தட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தன் பெண்ணைச் சுமந்தபோதுகூட இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்ததில்லை என்று தோன்றியது, தோன்றியதும் வெட்கமாக இருந்தது.

"மேடம், ஒண்ணு சொல்லணும்" என்றாள் ஜெபமலர், ஓடைப் பாலம் வந்தபோது.

"அப்புறம் சொல்லு. ரோட்டைப் பாத்து ஓட்டு."

ஜெபமலர் ரோட்டைப் பார்த்து ஓட்டினாள்.

ஜேசிபி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. முதல் வரிசை போய்விட்டது. பிடுங்கிய தேயிலைச் செடிகள் வேரில் மண்ணோடு பாதையோரம் கிடந்தன. செடி சின்னதாகத் தெரிந்தாலும் வேர் ஆள் உயரம் இருந்தது. காலனி முழுக்க வந்து நின்றிருந்தது, யாரும் கத்தவில்லை. அதுதான் வினோதினிக்குத் தாங்க முடியாததாக இருந்தது. ஜெபமலரின் மாமனார் சிவனு மட்டும் ஜேசிபிக்கு முன்னால், வழியை மறிக்காமலும் விலகாமலும், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். காலனிக்கு எது வந்தாலும் பேசுகிற ஆள் அவர்தான்.

தாசில்தார் கமருன்னிசா குடையோடு ஜீப்பருகே இருந்தார். வினோதினி மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை குழறியது. தாசில்தார் கைப்பேசியில் உத்தரவைத் திறந்து காட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா மேடம்."

"எட்டுக் கால் வெளியிலேர்ந்து வந்ததுன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. இப்போ இங்கேயே பொறந்ததுங்கறீங்க. நாளைக்கு வேற ஒருத்தர் வந்து வேற சொன்னா?"

"நான் வச்ச விதி தப்பு மேடம். அதை நானே சொல்றேன். எழுதியும் தர்றேன்."

"நீங்க சொன்னா போதாது. மேல கேப்பாங்க. எனக்கு என் கண்ணால பாக்கணும்."

வினோதினி தட்டை வெளியே எடுத்தாள். நாடா பிரியாமல் இருப்பதைத் தாசில்தாரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். உள்ளே காற்றுகூடப் புக வழியில்லை, விருந்தாளி எப்படிப் புகும்? ஜீப்பின் முன்மூடிமேல் தட்டை வைத்து, கைப்பேசியில் லென்ஸைச் செருகி, அடியில் டார்ச்சைப் பிடித்தாள். கண் வந்த முட்டை திரையில் நிறைந்தது. உள்ளே ஏதோ மடங்கிக் கிடந்தது.

"எவ்வளவு நேரம்?"

"இப்ப ஆகும் மேடம். இப்ப, இல்லேன்னா சாயங்காலம்."

"சாயங்காலம் வரைக்கும் என்னால நிக்க முடியாது."

ஜேசிபி ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு டீக்கு எங்கே போகலாம் என்று பார்த்தான். சிவனு மெல்ல நடந்து பக்கத்தில் வந்தார்.

"டாக்டரம்மா, இதுக்குள்ளயா எங்க விதி இருக்கு?" என்றார். கேலியா வருத்தமா என்று சொல்ல முடியாத குரல். "அங்க இருந்தப்ப எங்க தாத்தன இந்தியாக்காரன்னானுங்க. இங்க வந்தா சிலோன்காரன். இந்தப் பூச்சிக்காச்சும் ஊரு இதுதான்னு நிரூபிச்சுக் குடுங்க."

வினோதினி முட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளுடைய பயம் வேறு. இந்த ஒரு முட்டை மட்டும், பிடிவாதமாக, கடைசி நேரத்தில் அந்த இரண்டு காலை உள்ளே இழுத்துக்கொண்டால்? காலையில் படத்தில் பார்த்தது நிஜமா, தன் பயம் காட்டிய வேடிக்கையா? டார்ச் பிடித்த கை மரத்துப்போனது. ஜெபமலர் அதை வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

முட்டை அசைந்தது.

குறுக்கே ஒரு கோடு விழுந்தது. கோடு விரிந்தது. மூடியைத் தள்ளுவதுபோல மேல்பாதி எழும்பி, ஒரு கால் வெளியே வந்து காற்றைத் துழாவியது. அதற்கு ஜோடியும் வந்தது. தாசில்தார் குடையை மடக்கிவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைபோல விரலை நீட்டி எண்ணினார்.

"ரெண்டு... நாலு..."

மூன்றாவது ஜோடி சிக்கிக்கொண்டு கொஞ்சம் இழுத்தது. அதுவும் வந்தது.

"ஆறு."

அங்கேயே நின்றுவிட்டது. பாதி உடம்பு முட்டைக்குள், பாதி வெளியே. எத்தனை நேரம் அப்படி நின்றதோ, வினோதினிக்கு அது தீரவே தீராது போலிருந்தது. பிறகு குஞ்சு ஒரு முறை உடம்பை உலுக்கி, பழைய தோலை உதைத்துத் தள்ளிவிட்டு, தட்டுக்குள் நடக்க ஆரம்பித்தது. பின்னால் இரண்டு கால்கள், மற்றவற்றைவிடக் கொஞ்சம் வெளிறி, கூடவே நடந்தன.

"எட்டு" என்றார் தாசில்தார்.

திரும்பி முட்டைத் தோலைப் பார்த்தார். அது சுருங்க ஆரம்பித்திருந்தது. இன்னொரு தடவை எண்ணினார். பிறகு தள்ளிப் போய் யாரிடமோ நீண்ட நேரம் கைப்பேசியில் பேசினார். திரும்பி வந்து ஓட்டுநரிடம் கையைக் காட்டினார்.

"வண்டியை எடுத்துட்டுப் போப்பா. இன்னைக்கு வேலை இல்ல." வினோதினியிடம், "நாளைக்குக் காலையில எழுத்துல வேணும். இந்தத் தோட்டத்துக்கும் எஸ்டேட் பூச்சிக்கும் சம்பந்தமில்லைன்னு தெளிவா எழுதணும்" என்றார்.

"எழுதறேன் மேடம்."

ஜேசிபி பின்னோக்கி நகர்ந்தபோதுதான் கூட்டத்தில் சத்தம் எழுந்தது. யாரோ ஒரு பெண் பிடுங்கிப்போட்ட செடியை நிமிர்த்தி, வேரை மண்ணால் மூட ஆரம்பித்தாள். வினோதினி ஜீப்பில் சாய்ந்து நின்றாள். வேலை போகும். போகட்டும். பேனருக்குப் படம் கிடைக்காது. அதுவும் போகட்டும். மலைமேல் லட்சக்கணக்கான முட்டைகள் உறங்குகின்றன, அவை எழும். ஆனால் இங்கே வண்டு இருக்கிறது. நாளைக்கே ஆட்களைக் கூட்டி, வண்டைப் பிடித்து வளர்த்து, வரிசை வரிசையாக எஸ்டேட்டில் விட்டால் ஒரு வழி பிறக்கும். காலையிலிருந்து முதல்முறையாக அவளுக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது.

"வாங்க டாக்டரம்மா, எங்க தோட்டத்தப் பாருங்க" என்று சிவனு கூப்பிட்டார். அவர் முகம் மலர்ந்திருந்தது. "நீங்க எங்களுக்காகப் பேசினீங்க. நாளைக்கு யாரும் உங்களக் குத்தம் சொல்லக் கூடாது பாருங்க. தேடினாலும் ஒரு பூச்சி கிடைக்காது. அவ்வளவு சுத்தம்."

"பூச்சி கிடைக்காதா?"

"ஒண்ணு கிடையாது. மருந்து அடிச்சோம்ல."

வினோதினி நின்றாள். "என்ன மருந்து ஐயா?"

"என்ன இப்படிக் கேக்கறீங்க, உங்க மருந்துதான். ஊத்து இங்கதான்னு நீங்க எழுதினதும் புள்ளைங்களுக்கெல்லாம் சோறு எறங்கல. பூச்சியே இல்லேன்னா எதைக் காட்டிப் பிடுங்குவாங்கன்னு யோசிச்சோம். எஸ்டேட்காரங்க தூக்கிப் போட்ட கேனுல எல்லாம் அடியில கொஞ்சம் கொஞ்சம் இருந்துச்சு. ஊரே ஒண்ணா எறங்கி, அலசி எடுத்து, ஒரு செடி விடாம அடிச்சு முடிச்சோம்." பெருமையோடு மலைச்சரிவைக் கையால் காட்டினார். "நாங்க செஞ்சது சரிதானே டாக்டரம்மா?"

வினோதினி ஜெபமலரைப் பார்த்தாள். ஜெபமலர் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஓடைப் பாலத்தில் சொல்ல வந்தது இதுதான்.

அருகிலிருந்த செடியில் முற்றிய இலை ஒன்றைக் கிள்ளினாள். திருப்பிப் பார்த்தாள். கறுப்பு வண்டு ஒன்றும் இல்லை. அடுத்த செடியிலும் இல்லை. அதற்கடுத்த செடியில், இலைக்காம்பில், ஒரு வண்டு பட்டினியில் செத்து ஒட்டிக்கிடந்தது. லென்ஸை எடுத்தாள். ஆனால் கண்ணருகே கொண்டுபோக அவளுக்குத் தைரியம் வரவில்லை. இவர்கள் இதைச் செய்ததற்குக் காரணம் அவள் போட்ட கையெழுத்துதான். மலையின் கடைசி மருந்தை இவர்கள் கையாலேயே அழிக்க வைத்தது அவள்தான். இதை இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது?

"குடுங்க மேடம்" என்றாள் ஜெபமலர்.

லென்ஸை வாங்கி, இலையை வெளிச்சத்துக்குத் திருப்பிக் கண்ணில் வைத்தாள். வருஷக்கணக்கான பழக்கம், லென்ஸ் கண்ணுக்கு வந்ததும் வாய் தானாகத் திறந்தது.

"முட்டை... முட்டை... முட்டை... முட்டை... தோல்..."

குரல் நின்றது. இலையைக் கொஞ்சம் சாய்த்தாள். நடு நரம்பின் ஓரமாக ஏதோ நடந்து போயிருக்க வேண்டும். அவள் உதடுகள் சத்தமில்லாமல் எட்டு வரை எண்ணின. மறுபடியும் எண்ணின.

"என்னம்மா இருக்கு?" என்றார் சிவனு, இன்னும் சிரித்தபடி.

ஜெபமலர் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நம்ம பிள்ளை, மாமா" என்றாள்.